நான் பாதியில் விட்ட பாடம்



இது நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள். நாலு வரி படித்துவிட்டுக் கைகூப்பும் படத்தைப் போட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

ஏழாம் வகுப்பில் அமிலம், காரம் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரைக் கரைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு சிட்டிகை போட்டதும் சிவந்து போகுமே, அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். சாம்பார்க் கறை பட்ட வெள்ளை வேட்டியில் சோப்பு போட்டால் ஏன் சிவக்கிறது என்று கேட்பேன். பள்ளிக்கூட வேலியில் பறித்த செம்பருத்தியை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு எடுத்து, எலுமிச்சைக்குச் சிவப்பு, சோடா உப்புக்குப் பச்சை என்று காட்டுவேன். கடைசியில் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதுவேன்: அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். எறும்பு கடித்த இடத்தில் சுண்ணாம்பு, நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில், புளித்த நிலத்துக்குச் சுண்ணாம்புத் தூள். அமிலம் கூடினால் காரத்தைப் போடு. அதற்குள் மணி அடித்துவிடும்.

34 வருஷம் இதே பாடம்தான். போன மாசி மாதம் அந்தப் பாடம் என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது.

பழைய மாணவன் ஒருவன் வந்திருந்தான். பேர் சொல்ல மாட்டேன், நீங்களும் கமெண்டில் துப்பறிய வேண்டாம். கூட ஒரு பெட்டி. ஆல்கலைன் தண்ணீர் மெஷின், விலை 1,75,000 ரூபாய். சாப்பாட்டு மேஜையில் நாலு கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தான். ஒன்றில் எங்கள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர், ஒன்றில் கடையில் வாங்கிய குளிர்பானம், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவனுடைய மெஷின் தண்ணீர். சின்ன பாட்டிலில் இருந்து ரெண்டு ரெண்டு சொட்டு விட்டான். எங்கள் தண்ணீர் மஞ்சளானது. அவனுடையது நல்ல ஊதா.

"பாத்தீங்களா டீச்சர், நாம குடிக்கிறது பூரா அமிலம். அதான் சுகர், மூட்டுவலி, கேன்சர் எல்லாம் வருது. இந்தக் காரத் தண்ணிய குடிச்சா உடம்பு சமமாயிடும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே டீச்சர்!"

கெட்டிக்காரன், சொட்டு சிந்தாமல் செய்து காட்டினான். அன்றைக்கு என் வகுப்பில் அவன் அவ்வளவு கவனமாக இருந்தான் என்று எனக்கே தெரியாது. வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். என் தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தங்கச்சி பேரனுக்கு 11 வயது. 7 வயதிலிருந்து இன்சுலின் போடுகிற பிள்ளை. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை நோய் இல்லை இது. அவன் கணையத்தில் இன்சுலின் சுரப்பதே இல்லை, ஊசி ஒன்றுதான் வழி. இதே மாதிரி மெஷின் ஒன்றை வேறொருவர் பேச்சைக் கேட்டு அவர்கள் வீட்டில் மாட்டியிருந்தார்கள். "தண்ணிய குடிக்கக் குடிக்க ஊசியக் குறைச்சிக்கிட்டே வரலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை தொடையில் தினம் நாலு தடவை குத்துவதைப் பார்க்கப் பொறுக்காத பாட்டி, தை மாதம் அவன் அம்மா வெளியூர் போயிருந்த மூன்று நாளில் ஊசியைக் குறைத்து, கடைசி நாள் நிறுத்தியே விட்டாள். பாசத்தில் செய்தது. அவளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, அவளே போதுமான அளவு திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வயிற்று வலி, வாந்தி. ராத்திரி பிள்ளை ஆழமாக, வேகவேகமாக மூச்சு வாங்குகிறான். இழுப்பு என்று நினைத்து நெஞ்சில் தைலம் தடவியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த டூட்டி டாக்டர் சின்னப் பெண். அவன் பக்கத்தில் குனிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்சுலின் எப்போ போட்டீங்க?" வாயில் பழுத்த பழம் மாதிரி ஒரு வாடை இருந்ததாம். ரத்தத்தின் பிஎச் 7.1.

7.1 என்றால் என்ன பெரிதாகக் குறைந்துவிட்டது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நான் டாக்டர் இல்லை, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த நடுநிலைப் பள்ளி டீச்சர். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு ராத்திரி உட்கார்ந்ததில், நான் பாதியில் விட்ட பாடத்தின் மீதியைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து புத்தகமும் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதாவது எப்போதுமே லேசான காரம். மெஷின்காரர்கள் சொல்லாத முதல் சேதி இது. நம் ரத்தம் ஏற்கெனவே 'ஆல்கலைன்' தான், ஒரு ரூபாய் செலவில்லாமல். பிஎச் அளவு சாதாரண ஸ்கேல் போல ஏறி இறங்காது. ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும், 0.3 இறங்கினாலே இரண்டு மடங்கு. 7.4-இல் இருக்க வேண்டிய பிள்ளை 7.1-இல் இருந்தான் என்றால் அவன் ரத்தத்தில் அமிலத்தன்மை இரட்டிப்பாகியிருந்தது. 6.8 வரை போனால் பிழைப்பது அரிது.

நாம் தின்பது, நடப்பது, தூங்குவது எல்லாமே அமிலத்தை உண்டாக்குகிற காரியங்கள். அப்படியிருந்தும் அந்தச் சின்ன இடைவெளிக்குள் உடம்பு எப்படி நிற்கிறது? நம்ம ஊர் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் சடாரென்று வந்தாலும் குளம் வாங்கிக்கொள்ளும், மட்டம் கொஞ்சம்தான் ஏறும். கூடுதல் தண்ணீர் கலிங்கு வழியாக உடனே வெளியேறும். மடையைத் திறந்து மூடுகிற ஆள் ஒருவர் பொறுமையாக நாள் முழுக்கக் கணக்குப் பார்ப்பார். ரத்தத்தில் இருக்கிற பைகார்பனேட், ஹீமோகுளோபின், மற்ற புரதங்கள் எல்லாம் குளம். பள்ளிப் பாடத்தில் 'தாங்கல் கரைசல்' என்று வருமே, அதுதான். கலிங்கு நுரையீரல். மடைக்காரர் சிறுநீரகம்.

கலிங்கைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நான் வகுப்பில் சொல்லியே இருக்க வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழலால் ஊதச் சொல்வேன், பால் மாதிரி வெள்ளையாகும், "மூச்சில் கரியமில வாயு இருக்கிறது" என்று எழுதிக்கொள்வீர்கள். ஒருவன் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்து, வெள்ளை மறுபடி தெளிந்துவிட்டது என்று ஓடி வந்து காட்டினான். "போதும், போய் உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவன் கண்டுபிடித்ததுதான் பைகார்பனேட். கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அமிலம் ஆகும், அந்த அமிலம் சுண்ணாம்பைப் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துவிட்டது. கோலி சோடா நாக்கில் சுருக்கென்று புளிப்பதும் அந்த அமிலம்தான். மூடியைத் திறந்து வைத்தால் வாயு போய்ப் புளிப்பும் போய்விடும்.

உடம்பு செய்வதும் அதுதான். செல்களில் உண்டாகும் கரியமில வாயு ரத்தத்தில் அமிலமாக வருகிறது, நுரையீரலில் வாயுவாகி வெளியேறுகிறது. ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கும் மேல்! அமிலம் கூடினால் மூளை அதை உணர்ந்து மூச்சை வேகப்படுத்தும், நிமிஷக் கணக்கில் பலன் தெரியும். சந்தேகம் இருந்தால் இப்போதே மூச்சை அடக்கிப் பாருங்கள். அரை நிமிஷத்தில் நெஞ்சு முட்டுகிறதே, அது ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல, பெரும்பாலும் கரியமில வாயு சேர்ந்ததால். பேரன் ராத்திரி மூச்சு வாங்கியதும் இதனால்தான். அது இழுப்பு இல்லை. இன்சுலின் இல்லாமல் சர்க்கரையை எரிக்க முடியாத உடம்பு கொழுப்பை எரித்து, அதில் உண்டான கீட்டோன் அமிலங்களைச் சமாளிக்க, திறக்க முடிந்த ஒரே கலிங்கை முழுசாகத் திறந்து வைத்திருந்தது.

காரம் கூடினால் நல்லது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டிக்கு மேடை ஏறுமுன் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டு, உதடு மரத்து, கைவிரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கி விறைத்துப் போனாள். "சாமி வந்திருச்சு" என்றார் ஆயா. அவளுக்கு வந்தது காரம். அளவுக்கு மேல் கரியமில வாயு வெளியே போனதால் ரத்தத்தில் காரம் கூடி, நரம்புகளுக்குக் கிடைக்கிற கால்சியம் குறைந்து விரல்கள் விறைத்தன. பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். கால் மணி நேரத்தில் சரியாகி, மேடை ஏறி மூன்றாம் பரிசும் வாங்கினாள். அவளும் இதைப் படிப்பாள் என்று நினைக்கிறேன்!

சிறுநீரகத்தின் வேலை இப்படிக் கண்ணுக்குத் தெரியாது. கரியமில வாயுவாக மாறாத அமிலங்களும் இருக்கின்றன, முக்கியமாகப் புரதத்திலிருந்து வருகிற கந்தக அமிலம் போன்றவை. அவற்றை ஊதித் தள்ள முடியாது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60 மில்லிமோல் சேரும். சிறுநீரகம் தினமும் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது, அதோடு வடிந்து போகிற பைகார்பனேட்டை ஏறக்குறைய முழுவதும் திரும்ப எடுத்துக்கொள்கிறது, அமிலத்தை அம்மோனியாவோடும் பாஸ்பேட்டோடும் சேர்த்துச் சிறுநீரில் அனுப்புகிறது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கிற வேலை. சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து "பாருங்கள், உங்கள் உடம்பு அமிலம்" என்று காட்டுகிறார்களே, அது குப்பைத் தொட்டியைத் திறந்து காட்டி வீடு அசுத்தம் என்று சொல்கிற கதை. தொட்டியில் குப்பை இருக்கிறது என்றால் வீட்டைப் பெருக்குகிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது 1,75,000 ரூபாய்த் தண்ணீரின் கணக்கைப் போடுவோம். அதன் பிஎச் 9.5 என்று சொன்னான். அதில் கரைந்திருக்கும் உப்புகளை விட்டுவிட்டு, அந்த எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு லிட்டரில் இருக்கிற காரம் 0.03 மில்லிமோல். நாள் ஒன்றுக்குச் சேர்கிற 60-க்கு 0.03! உப்புகளையும் சேர்த்தால் கொஞ்சம் கூடலாம், அதனால் கணக்கு மாறிவிடாது. அந்தத் தண்ணீர் முதலில் போய் விழுவதோ வயிற்றில். வயிற்று அமிலத்தின் பிஎச் 2 என்று வைத்துக்கொண்டால், அதில் 3 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் கூட இல்லை, அந்த லிட்டர் தண்ணீரின் காரத்தை முடித்துவிடும். ஊதா நிறம் டம்ளரோடு சரி. இந்தக் கணக்கை அவனுக்கும் பேப்பரில் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை சரிபார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். 'பிஎச்' என்ற சொல்லே டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் பிறந்தது. 1909-இல் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பவர் அந்த அளவைக் கொண்டுவந்தார். அதே ஊரில் 1952-இல் போலியோ கொள்ளை நோயாகப் பரவியது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில், மூச்சுத் தசைகள் செயலிழந்து இயந்திரத்தில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்து போனார்கள். அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தால் பைகார்பனேட் கூடுதலாகக் காட்டியது. ரத்தத்தில் காரம் ஏறிவிட்டது, காரணம் தெரியவில்லை என்று டாக்டர்கள் நினைத்தார்கள். என்னுடைய ஏழாம் வகுப்புப் பாடம்தான் அவர்கள் மனசிலும் இருந்திருக்கிறது!

பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இவர்கள் மூச்சு போதாமல் கரியமில வாயு உள்ளேயே தங்கி அமிலத்தில் சாகிறார்கள், பைகார்பனேட் கூடியிருப்பது அதன் அடையாளம்தான் என்றார். ஆகஸ்ட் 27-ஆம் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார். செத்துக்கொண்டிருந்தவள் தேறினாள். ஆஸ்ட்ரப் என்ற ஆய்வுக்கூட டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தில் பிஎச்சையே நேராக அளந்து, அது அமிலம்தான் என்று உறுதி செய்தார். அதன் பிறகு ஏறக்குறைய 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில் கையால் பையை அமுக்கினார்கள். இறப்பு 100-க்கு 87 என்று இருந்தது, 25 என்ற அளவுக்குக் குறைந்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் இருக்கிற தீவிர சிகிச்சைப் பிரிவே அதன் தொடர்ச்சிதான். பேரனுக்கு நள்ளிரவில் எடுத்த ரத்தச் சோதனையும் ஆஸ்ட்ரப் தொடங்கி வைத்த வழியில் வந்தது. அந்தச் சிறுமிக்கு யாரும் காரத்தை ஊற்றவில்லை. மூச்சைக் கொடுத்தார்கள்.

பேரனுக்கும் அப்படித்தான் நடந்தது. நான் வராந்தாவில் அந்த டாக்டரம்மாவை நிறுத்தி, "அமிலம்னா சோடா உப்பு ஏத்தலாமே டாக்டர்?" என்று கேட்டேன், ஏழாம் வகுப்பு டீச்சராக. அவர் பொறுமையாகச் சொன்னார்: "அமிலம் தயாராகிற இடத்தை மூடணும் டீச்சர். இன்சுலின் போனா அது நின்னுடும், இருக்கிற கீட்டோனையும் உடம்பே பைகார்பனேட்டா மாத்திக்கும். குழந்தைங்களுக்குச் சோடாவ அவசரப்பட்டு ஏத்துனா மூளை வீங்குற ஆபத்து இருக்கு. ரொம்ப மோசமானாத்தான் அத யோசிப்போம்." உப்பு நீரும் இன்சுலினும் மெதுவாக ஏறின. பொட்டாசியத்தை அடிக்கடி பார்த்தார்கள். மறுநாள் சாயங்காலம் மூச்சு அமைதியானது. மூன்றாம் நாள் "பாட்டி, இட்லி" என்றான்.

இதில் அமெரிக்காக்காரர்கள் நமக்கு முன்னோடி. உடம்பு அமிலமாவதே எல்லா நோய்க்கும் வேர் என்று 'பிஎச் மிராக்கிள்' புத்தகம் எழுதிய ராபர்ட் யங், உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக 2016-இல் தண்டிக்கப்பட்டார். அவரை நம்பி முறையான சிகிச்சையை விட்ட புற்றுநோயாளிப் பெண்ணுக்கு 10.5 கோடி டாலர் தரும்படி 2018-இல் தீர்ப்பு வந்தது. அந்தச் சேதி நம் வாட்ஸ்அப்புக்கு வரவில்லை, புத்தகத்தில் இருந்த கருத்து மட்டும் வந்துவிட்டது.

நல்ல உடம்புள்ளவர் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, காசுதான் நஷ்டம். என் சண்டை அதைப் பற்றி இல்லை. உடம்பில் அந்தக் கலிங்கோ மடையோ பழுதானவர்களிடம் போய் இதைச் சொல்கிறார்களே, அதைப் பற்றித்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அமிலம் சேர்வது உண்மை. அதற்கு டாக்டர் ரத்தத்தைப் பார்த்து சோடியம் பைகார்பனேட் மாத்திரையை அளவாகக் கொடுப்பார். அவர்களிடம் போய் "இளநீர் குடி, பழச்சாறு குடி, உடம்பு காரமாகும்" என்று சொன்னால், அதில் இருக்கிற பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நம் குடும்பத்திலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிற மாமா இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கையில் இளநீர் கொண்டு போகாதீர்கள்.

இன்சுலின் போடுகிற பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு: வாந்தி, வயிற்று வலி, ஆழமான வேக மூச்சு, வாயில் பழ வாடை, காரணமில்லாத மயக்கம், இதில் எது வந்தாலும் சர்க்கரையையும் கீட்டோனையும் பார்த்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளை சாப்பிடவில்லை என்பதற்காக ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டருக்குப் போன் போட்டு அளவைக் கேளுங்கள்.

அந்த மாணவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. செல்போன் கடையை மூடிவிட்டு, வட்டிக்கு வாங்கி முதல் மெஷினைத் தன் வீட்டில் மாட்டியிருக்கிறான். இன்னும் சிலர் தலையில் கட்டினால்தான் அவன் போட்ட பணம் திரும்பும். போகும்போது படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "என் மாமனாருக்கு கிட்னி ப்ராப்ளம் டீச்சர். அவருக்கும் இதத்தான் குடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றான். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். போனான். பைகார்பனேட் பார்த்தார்களா, எவ்வளவு இருந்தது என்று கேட்டு நேற்று மெசேஜ் போட்டேன். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வருகிறதாம்.